ஆயிரத்தில் ஒருவன்: 'லிமிடெட் எடிஷன்' படைவீரர்களை எடைபோடுவது எப்படி?

இரண்டு பேண்டு வாத்தியக் குழுக்கள். இரண்டும் பஹாமாஸ் போலீஸ் பேண்டு. இரண்டையும் செய்தது இங்கிலாந்தின் 'பிரிட்டன்ஸ்' நிறுவனம். வெள்ளைக் கோட்டு, சிவப்புக் கோடு ஓடும் கால்சட்டை, தலையில் வெள்ளை சோலாத் தொப்பி. ஒவ்வொரு வீரனும் ஆள்காட்டி விரல் உயரத்துக்கு மேல் இல்லை.

முதல் குழு 1950களின் இறுதியில் வந்தது. முழு செட்டில் 26 பேர். எத்தனை பெட்டி செய்தோம் என்று நிறுவனம் எங்கும் அச்சிடவில்லை. கொஞ்ச காலம் விலைப்பட்டியலில் இருந்தது, பிறகு காணாமல் போனது. இரண்டாவது குழு 1987-ல் வந்தது. அதன் பெட்டியில் 'லிமிடெட் எடிஷன்' என்ற அறிவிப்பு இருந்தது. சில ஆயிரம் செட்டுகள் செய்யப்பட்டன.

இன்று எது அரிது? முதல் குழு பெட்டியோடு முழுமையாக ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டுக் கை தூக்குகிறார்கள். 1987-ம் ஆண்டு செட்டை வாங்க அத்தனை பாடு வேண்டாம். 'எண்ணி எண்ணித்தான் செய்தோம்' என்று சொன்னது எளிதில் கிடைக்கிறது. எதுவுமே சொல்லாதது கிடைப்பதில்லை. இந்தத் தலைகீழ்க் கணக்கு விளங்கிவிட்டால், படைவீரர் சிற்றுருவங்களில் பணத்தைப் போடுபவர் செய்யும் தவறுகளில் பாதி குறைந்துவிடும்.

அச்சு இருக்கும்வரை ஆள் உண்டு

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கும் முறை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடுகாட்டி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அடுத்த சிலைக்கு அடுத்த மெழுகு, அடுத்த மண். ஒவ்வொன்றும் தனிப்பிறவி. அங்கே எண்ணிக்கைக்கு வரம்பு போட யாரும் தேவையில்லை, செய்முறையே போட்டுவிடுகிறது.

படைவீரர் பொம்மையின் பிறப்பு வேறு மாதிரி. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக் கைவினைஞர்கள் 18-ம் நூற்றாண்டிலேயே வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். இரண்டு கற்பலகைகளில் உருவத்தை எதிரெதிராகச் செதுக்கி, சேர்த்துப் பிடித்து, இடையில் உலோகத்தை ஊற்றினால் ஒரு வீரன் ரெடி. பலகையைப் பிரித்து மூடினால் இன்னொருவன். கல் தேயும்வரை படை பெருகிக்கொண்டே போகும்.

1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் ஜூனியர் இதை இன்னும் மலிவாக்கினார். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த குழம்பை அச்சில் ஊற்றிய கையோடு கவிழ்த்துவிட வேண்டும். அச்சுச் சுவரைத் தொட்ட உலோகம் மட்டும் தோல்போல உறைந்து நிற்கும், நடுவில் இருப்பது வெளியே வந்துவிடும். உள்ளே வெற்றிடம், வெளியே முழு வீரன். உலோகச் செலவு குறைந்தது, கப்பல் கூலி குறைந்தது. காலாட்படை என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர், ஒரு பெட்டி ஒரு ஷில்லிங். அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மன் கனவார்ப்பு வீரர்களுக்கு இது பெரிய அடி. பிரிட்டன்ஸ் தேர்ந்தெடுத்த 54 மில்லிமீட்டர் உயரமே பிறகு இந்தத் துறையின் பொது அளவாக நிலைத்தது.

இன்றைய பட்டறையில் கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. சிற்பி முதலில் ஒரு மூல உருவத்தைச் செய்கிறார், புட்டிப் பசையில் கையாலோ கணினியிலோ. அதிலிருந்து ஒரு தாய் அச்சு. தாய் அச்சிலிருந்து பல பிரதிகள். அந்தப் பிரதிகளை வட்டமான ரப்பர் தட்டுகளில் பதித்து, வேகவைத்து இறுக்கி, சுழலும் இயந்திரத்தில் வைத்து உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுழற்சி வேகத்தில் உலோகம் விரல் நுனிவரை, வாள் முனைவரை பாய்கிறது. ரப்பர் அச்சு சூட்டைச் சில நூறு முறைதான் தாங்கும். பிறகு முகத்தின் மூக்கு மழுங்கும், பொத்தான்கள் கரையும்.

ரப்பர் அச்சு தேய்ந்தால் படை முடிந்ததா? இல்லை. தாய் அச்சிலிருந்து புதிய ரப்பர் அச்சு செய்துகொள்ளலாம். மூல உருவம் அலமாரியில் பத்திரமாக இருக்கும்வரை அந்த வீரன் எத்தனை முறை வேண்டுமானாலும் பிறக்கலாம். ஆக, உலோகச் சிற்றுருவத்தில் 'இத்தனைதான்' என்பது இயற்கை போட்ட எல்லை அல்ல, தயாரிப்பாளர் கொடுத்த வாக்கு. லிமிடெட் எடிஷனை மதிப்பிடுவது என்றால் அந்த வாக்கை மதிப்பிடுவது.

குழந்தையின் கையிலிருந்து பெரியவரின் அலமாரிக்கு

விளையாட்டுச் சாமானுக்கு எண்ணிக்கை எதற்கு? எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' நூலில் பெரியவர்களும் தரையில் படுத்துக்கொண்டு, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் இந்த வீரர்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தின் விதிகள் இருக்கின்றன. வீழ்ந்த வீரனின் தலை ஒடிந்தால், கழுத்துத் துளையில் தீக்குச்சியைச் செருகித் தலையை ஒட்டிவிடுவது வீட்டு வைத்தியம். பழைய வீரர்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் அந்தத் தீக்குச்சியைக் கண்டுபிடிக்கிறார்கள். உடைந்ததும் தொலைந்ததும் போக மிஞ்சியவையே இன்று அரியவை. அந்த அருமையை யாரும் திட்டமிடவில்லை.

1966-ல் பிரிட்டன்ஸ் ஈய வீரர்களின் உற்பத்தியை நிறுத்தியது. ஈயத்தின் நச்சு குறித்த பாதுகாப்பு விதிகளும் பிளாஸ்டிக்கின் மலிவும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. சிறுவயதில் அவற்றோடு விளையாடியவர்கள் நடுவயதில் கையில் காசோடு திரும்பி வந்தபோது, புதிய சந்தை ஒன்று பிறந்தது. இந்த வாடிக்கையாளர் வீரனைச் சுடப்போவதில்லை. கண்ணாடி அலமாரியில் நிறுத்தப்போகிறார். அவருக்குப் பட்டன் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். தன்னிடம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கக்கூடாது.

எண்ணிக்கைக்கு வரம்பு போடும் பழக்கத்தைப் பொம்மைக்காரர்கள் பீங்கான்காரர்களிடம் கற்றுக்கொண்டார்கள். ராயல் வூஸ்டர் நிறுவனத்துக்காக டோரிஸ் லிண்ட்னர் வடித்த, டாமி என்ற குதிரைமேல் அமர்ந்த இளவரசி எலிசபெத் சிலை 1940களின் இறுதியில் வெளிவந்தது. செய்தவை 100 மட்டும். அதே நிறுவனத்துக்கு பெர்னார்ட் வின்ஸ்கில் வடித்த குதிரைமேல் நெப்போலியன் 1969-ல் தொடங்கிய பதிப்பு. அதன் எண்ணிக்கை 750. மரப் பீடம், எண்ணிட்ட சான்றிதழ் என்ற சடங்குகளெல்லாம் இந்த வழியில்தான் வளர்ந்தன. பிறகு மைக்கேல் சட்டி போன்றவர்கள் பீங்கானில் படைவீரர்களையே தனித்துறையாக எடுத்துக்கொண்டு, இந்தியக் குதிரைப்படையினர் உட்படப் பலரையும் எண்ணிட்ட சிறு பதிப்புகளாக வெளியிட்டார்கள்.

வெண்கலச் சிற்பத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறார். பிரான்ஸ் நாட்டு வரிச் சட்டப்படி ஒரு வெண்கல வார்ப்பு 'அசல் கலைப்படைப்பு' என்ற தகுதி பெற வேண்டுமானால் எண்ணிட்ட பிரதிகள் எட்டுக்கு மேல் போகக்கூடாது. கலைஞருக்கென்று தனியே நான்கு பிரதிகள் அனுமதி. ஆக மொத்தம் பன்னிரண்டு. உலோகப் படைவீரர் துறையில் இப்படி ஒரு சட்டம் இல்லை. 1980களில் பிரிட்டன்ஸ் ஆண்டுதோறும் லிமிடெட் எடிஷன் செட்டுகளை வெளியிடத் தொடங்கியபோது 5,000, 7,000 என்ற எண்களெல்லாம் சகஜமாக இருந்தன. இன்று ஹாங்காங்கின் கிங் அண்ட் கன்ட்ரி, இங்கிலாந்தின் தாமஸ் கன் போன்ற நிறுவனங்கள் சில நூறு, சில வேளை நூற்றுக்கும் குறைவு என்ற அளவில் பதிப்புகள் போடுகின்றன. 90-க்கும் 7,000-க்கும் ஒரே பெயர்தான்: லிமிடெட் எடிஷன்.

வரம்பு ஐந்து வகை

'லிமிடெட்' என்ற சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: எதற்கு வரம்பு?

முதல் வகை, எண்ணுக்கு வரம்பு. 250 என்றால் 250. புரிந்துகொள்ள எளிது, சரிபார்க்கவும் எளிது. ஒவ்வொரு பிரதியிலும் வரிசை எண் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் வகை, காலத்துக்கு வரம்பு. குறிப்பிட்ட நாளுக்குள் யாரெல்லாம் ஆர்டர் கொடுக்கிறார்களோ அத்தனை பேருக்கும் செய்து தருவது. அமெரிக்காவின் பிராட்ஃபோர்டு எக்ஸ்சேஞ்ச் விற்ற அலங்காரத் தட்டுகளில் 'இத்தனை சூளை நாட்களுக்கு மட்டும்' என்ற வரம்பு பிரபலம். அந்த நாட்களில் சூளை எத்தனை தட்டுகளைச் சுட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. விளையாட்டுச் சிற்றுருவங்களுக்குப் பேர்போன கேம்ஸ் வொர்க்ஷாப்பும் பழைய உருவங்களைச் சில நாள் மட்டும் ஆர்டர் எடுத்துச் செய்து தருவதுண்டு. அதில் மறைப்பு ஏதுமில்லை. கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனால் அதை அரிய பொருள் என்று நினைத்து வாங்கினால் தவறு வாங்கியவருடையது.

மூன்றாம் வகை, வண்ணப்பூச்சுக்கு வரம்பு. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஒரு டாங்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலைவன மஞ்சளில் 250, பனிக்கால வெள்ளையில் 250, வேறொரு படைப்பிரிவின் எண்ணோடு 250. மூன்றுமே 'லிமிடெட் எடிஷன் 250'. மூன்று அறிவிப்பும் உண்மை. ஆனால் வார்ப்பு ஒன்றே. மொத்தம் 750 டாங்கிகள் ஊரில் உருள்கின்றன. நான்காவது நிறம் வராது என்று யாரும் சொல்லவில்லை. குதிரையின் நிறம், கொடியின் வாசகம், அதிகாரியின் மீசை என்று எதை மாற்றினாலும் புதிய பதிப்பு ஒன்று உருவாகிவிடும்.

நான்காம் வகை, இடத்துக்கு வரம்பு. ஒரு கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு மட்டும், ஒரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும், ஒரு கடையில் மட்டும். எண் சிறியதாகவே இருக்கும். ஆனால் வெளியூர்க்காரர்கள் நண்பர்கள் மூலம் வாங்கிக் குவித்திருந்தால், சில மாதத்தில் சந்தையில் திடீரென்று நிறைய தலைகாட்டும்.

ஐந்தாம் வகை, கைக்கு வரம்பு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பட்டறைகளில் தேர்ந்த ஓவியர்கள் ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாகத் தீட்டுகிறார்கள். கேடயத்தில் ஒரு சின்னம், அங்கியில் ஒரு பூவேலை, அதற்குள் நிழலும் ஒளியும். வார்ப்பு ஒன்றாக இருந்தாலும் இரண்டு வீரர்கள் ஒன்றுபோல் இருக்கமாட்டார்கள். ஓவியரின் கையெழுத்து பீடத்தின் அடியில் இருந்தால், அந்தக் கை எத்தனை தீட்டியது என்பதே வரம்பு. சுவாமிமலைக்கு மிக அருகில் வரும் வகை இதுதான்.

இந்த ஐந்திலும் சேராத சில சொற்கள் விளம்பரங்களில் உலவுகின்றன. 'ரிட்டயர்டு' என்றால் உற்பத்தி நிறுத்தப்பட்டது என்று பொருள். அதற்கு முன் எத்தனை செய்தார்கள் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. 'எக்ஸ்க்ளூசிவ்' என்பது எங்கே விற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 'ரேர்' என்பது விற்பவரின் கருத்து.

சான்றிதழை வாசிப்பது

ஒரு சான்றிதழைக் கையில் எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். கெட்டி அட்டை, தங்க நிற ஓரம், நடுவில் ஒரு முத்திரை. கீழே '237/750'. பெரும்பாலோர் பார்ப்பது 237-ஐ. பார்க்க வேண்டியது 750-ஐ.

கோட்டுக்குக் கீழே உள்ள எண்தான் வாக்குறுதி. மேலே உள்ள எண் ஒரு முகவரி மட்டுமே. 1-ம் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் சில சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள், மற்றவை எல்லாம் ஒன்றுதான். கீழ் எண்ணே இல்லாமல் '237' என்று மட்டும் இருந்தால், அது வரிசை எண். அதில் வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை.

அடுத்து, எண் எங்கே இருக்கிறது? பெட்டியில் மட்டுமா, அட்டையில் மட்டுமா, உருவத்தின் பீடத்தின் அடியிலும் இருக்கிறதா? அட்டையில் மட்டும் இருக்கும் எண் எந்த வீரனோடும் போய் நிற்கும். ஒடிந்த வீரனுக்குப் பதில் வேறொருவனை வைத்துப் பெட்டியை மூடினால் யாருக்கும் தெரியாது. பீடத்தில் பொறித்த எண்ணும் அட்டையின் எண்ணும் பொருந்தினால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

மூன்றாவது, கணக்கில் வராத பிரதிகள். அச்சு ஓவியத் துறையில் கலைஞருக்கென்று சில பிரதிகள் எடுத்து, எண்ணுக்குப் பதில் தனிக் குறி இடுவது பழைய வழக்கம். சிற்றுருவங்களிலும் மாதிரிப் பிரதிகள், வண்ணம் பார்க்கச் செய்தவை, விற்பனையாளருக்குக் காட்ட அனுப்பியவை இருக்கும். நேர்மையான சான்றிதழ் அவற்றையும் சொல்லிவிடும்.

நான்காவது, வாசகத்தின் வீச்சு. 'இந்த உருவம் 750 மட்டுமே' என்பதும் 'இந்தப் பதிப்பு 750 மட்டுமே' என்பதும் ஒன்றல்ல. முதல் வாசகம் வார்ப்பையே கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, இந்த நிறத்தை, இந்தப் பெட்டியைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரு சொல் வித்தியாசத்தில் ஒரு தொழிற்சாலையே நுழைந்துவிடலாம்.

'அச்சை உடைத்துவிட்டோம்' என்றால்?

இதைவிட ஆறுதலான வாக்கியம் இந்தத் துறையில் இல்லை. ஆனால் எந்த அச்சை? ரப்பர் அச்சையா, தாய் அச்சையா? ரப்பர் அச்சு எப்படியும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். மூல உருவமும் தாய் அச்சும் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் இருந்தால்தான் அந்த வாக்கியத்துக்கு எடை. கணினியில் வடித்த உருவம் என்றால் கோப்பு ஒன்று எங்கோ இருக்கத்தான் செய்யும். அங்கே நம்ப வேண்டியது நிறுவனத்தின் பெயரை மட்டுமே.

அச்சுகள் மனிதர்களைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. இங்கிலாந்தின் ரிச்சர்ட் கோர்ட்டினே செய்த இடைக்கால நைட் வீரர்கள் சேகரிப்பாளர்களிடையே பெரும் மதிப்புள்ளவர்கள். அவர் மறைந்த பிறகும் அவருடைய அச்சுகள் ஓய்வெடுக்கவில்லை. பின்னாளில் பீட்டர் கிரீன்ஹில் கைக்கு வந்து அதே வீரர்கள் மீண்டும் குதிரையேறினார்கள். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் ஒன்றல்ல. ஆகவே அந்த வீரர்களை வாங்குபவர்கள் முதலில் அடியைத் திருப்பிக் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மறுபதிப்பு வேறு பொருளில் வருவதும் உண்டு. கேம்ஸ் வொர்க்ஷாப் 1980களின் நடுவில் லிமிடெட் எடிஷனாக வெளியிட்ட உலோக விண்வெளி வீரன் ஒருவன், 2016-ல் முப்பதாண்டு நினைவாகப் பிளாஸ்டிக்கில் புது உருவம் எடுத்தான். பழைய உலோக வீரனின் எண்ணிக்கை இதனால் கூடவில்லை. வாக்கு மீறப்பட்டதாகவும் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த வடிவம் மட்டும் போதும் என்றிருந்தவர்களுக்கு இனி பழையதைத் தேட வேண்டிய அவசியமில்லை.

நேர்மாறான கதையும் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஹைடே நிறுவனம் பல அளவுகளில், பல போர்களில், பல நாட்டு வீரர்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. எண்ணிக்கைக்கு எந்த வரம்பும் சொன்னதில்லை. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் மீது நடந்த குண்டுவீச்சோடு அந்த நிறுவனத்தின் கதை முடிந்தது. எந்தச் சான்றிதழும் தர முடியாத உறுதியை வரலாறு கொடுத்துவிட்டது.

750 சிறிய எண்ணா?

யாருக்குச் சிறியது என்று கேட்க வேண்டும். நெப்போலியனை விரும்புபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவருக்கு 750 போதாமல் போகலாம். யாரும் கேள்விப்படாத ஒரு படைப்பிரிவின் சமையல்காரர் உருவத்தை 50 செய்தாலும் பத்து மிஞ்சும். எண்ணைத் தனியாகப் பார்த்து விலை சொல்ல முடியாது. எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற எண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1980களின் பிரிட்டன்ஸ் லிமிடெட் செட்டுகளுக்கு நேர்ந்தது இதுதான். வாங்கிய பலர் 'இது நாளை விலையேறும்' என்று எண்ணிப் பெட்டியைப் பிரிக்காமலே பரணில் வைத்தார்கள். யாரும் உடைக்கவில்லை, தொலைக்கவில்லை. ஆயிரக்கணக்கான செட்டுகள் கிட்டத்தட்ட அப்படியே பிழைத்திருக்கின்றன. அரிதாக இருக்க வேண்டுமென்றால் சில அழிய வேண்டும். பத்திரமாக வைத்ததே அந்தச் செட்டுகளை மலிவாக்கியது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனி ஆர்வம் இருக்க நியாயம் உண்டு. பிரிட்டன்ஸ் தொடக்க காலத்திலேயே இந்தியப் படைகளைச் செய்தது. அதன் பழைய பட்டியலில் மெட்ராஸ் குதிரைப்படையும் 'மெட்ராஸ் நேட்டிவ் இன்பன்ட்ரி'யும் இடம்பெற்றன. ஷில்லிங் பெட்டியில் விற்ற சாதாரணப் பொம்மைகள். எண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. அந்தப் பழைய வீரர்களை நல்ல நிலையில் தேடுபவருக்கும், இந்தியப் படைகளைக் கருவாக்கி அண்மையில் வந்த எண்ணிட்ட செட்டுகளை வாங்குபவருக்கும் தேவைப்படும் அறிவு வேறுவேறு. பின்னவர் சான்றிதழைப் படித்தால் போதும். முன்னவர் உலோகத்தைப் படிக்க வேண்டும்.

உலோகத்தைப் படிப்பது

போலிக்காரர்களின் தொல்லையால் 1900 முதல் பிரிட்டன்ஸ் தன் வீரர்களின் அடியில் முதலில் தாளில் ஒட்டியும், பிறகு உலோகத்திலேயே பொறித்தும் காப்புரிமைத் தேதியைப் போட்டது. அந்தத் தேதியைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அது வடிவத்தைப் பதிவு செய்த நாள். வார்த்த நாள் அல்ல. 1901 என்று பொறித்த வீரன் 1930களில் பிறந்தவனாக இருக்கலாம். உண்மையான வயதைச் சொல்வது பீடத்தின் வடிவம், மீசை வரைந்த விதம், பெட்டியின் லேபிள். இவற்றைப் படம் போட்டு விளக்கும் நூல்கள் உண்டு. ஜேம்ஸ் ஓப்பி 1985-ல் வெளியிட்ட 'பிரிட்டன்ஸ் டாய் சோல்ஜர்ஸ் 1893–1932' அவற்றில் முக்கியமானது. ஒரு பழைய செட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாதிரி நூல் ஒன்றுக்குக் கொடுப்பது லாபம்.

ஒரு அசல் வீரனை வைத்து ரப்பர் அச்சு எடுத்து, வீட்டிலேயே வார்த்த நகல்கள் சந்தையில் நிறைய. உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் நகல் அசலைவிட ஒரு மயிரிழை குட்டையாக இருக்கும். அசலையும் சந்தேகத்துக்குரியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தொப்பி உச்சியில் வித்தியாசம் தெரியும். வெற்றுவார்ப்பு வீரனுக்கு உலோகம் வெளியேறிய சிறு துளை எங்காவது இருக்கும். நகல் பெரும்பாலும் கனமாக, துளையில்லாமல் இருக்கும். மறுபூச்சு கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி போதும். பழைய பூச்சு உதிர்ந்த இடத்தின் ஓரம் கூர்மையாகத் தெரியும். அந்தக் குழியின் மேலேயே புதுப் பூச்சு ஏறியிருந்தால் ஓரம் மழுங்கியிருக்கும்.

ஈயத்தின் எதிரி மரம்

வாங்கியதைக் காப்பாற்றுவதும் இந்த அத்தியாயத்தின் பகுதிதான். ஈய வீரர்கள்மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூப்பதைச் சேகரிப்பாளர்கள் 'ஈய நோய்' என்பார்கள். கிருமி எதுவும் இல்லை. ஓக் மரம், புதிய பிளைவுட், மலிவு அட்டை ஆகியவை அசிட்டிக் அமிலம் போன்ற புளித்த ஆவிகளை விடும். மூடிய அலமாரியில் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த ஆவி ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட்டாக்கிவிடும். அழகான தேக்கு அலமாரியை ஆசாரியிடம் சொல்லிச் செய்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. பூச்சிட்ட இரும்பும் கண்ணாடியும் பாதுகாப்பானவை. காற்றோட்டம் வேண்டும், சிலிகா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். பெட்டியும் மதிப்புள்ளதுதான், ஆனால் வீரனை அதற்குள்ளேயே பல்லாண்டு அடைத்துவைப்பதைவிட, பெட்டியைத் தனியாக வைப்பது நல்லது. ஈய வீரர்களைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. மொத்தம் எத்தனை, அதில் மாதிரிப் பிரதிகள் சேர்த்தியா? இதே வார்ப்பு வேறு நிறத்தில் வந்திருக்கிறதா, வரப்போகிறதா? வரிசை எண் உருவத்தின்மேல் இருக்கிறதா, அட்டையில் மட்டுமா? தாய் அச்சு என்ன ஆனது? முன்பு இதே பதிப்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போனது? கடைசிக் கேள்விக்கு விற்பவரின் பதிலை மட்டும் நம்பத் தேவையில்லை. ஏல நிறுவனங்கள் பல தங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளை வெளியிடுகின்றன. கேட்ட விலையை அல்ல, விற்ற விலையைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், வீரன் பிடித்திருந்தால் வாங்கலாம்; ஆனால் 'லிமிடெட்' என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். தெளிவாகப் பதில் வந்தால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதி, ரசீது, சான்றிதழ், பீடத்தின் அடியில் உள்ள எண்ணின் புகைப்படம் ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு, அலமாரியில் அல்லாமல் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். நாளை விற்கப்போவது நீங்களோ உங்கள் பிள்ளைகளோ, வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.